ஆணி நிக்குதுங்களா

ஆகஸ்ட் 20, திங்கள்

பிரஷர் நூற்றெழுபது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, "கோபம் வந்தா ஆள்கிட்ட காட்டாதீங்க, ஒரு டைரியில எழுதிருங்க" என்றார். சரி, எழுதுகிறேன். முதல் கோபம் டாக்டரம்மா மேல்தான். அவர் கிளினிக்கில் ஜெனரேட்டர் ஓடுகிறது. தினமும் கரண்ட்டுக்குப் பிச்சை எடுக்கிறவளின் பிரஷர் அவருக்கு எங்கே புரியப்போகிறது.

ஆமாம், என் உத்தியோகம் அதுதான். அலுமினிய ஆலையில் பவர் செக்‌ஷன். காலையில் வந்ததும் மின்வாரியத்துக்குப் போன் போட்டு இன்றைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். நேற்றுக் கொடுத்ததை விடக் குறைவு என்பார்கள். கெஞ்ச வேண்டும், சண்டை போட வேண்டும், கடைசியில் நன்றியும் சொல்ல வேண்டும். துணை மின்நிலையத்தில் ஏ.இ.யாக இருக்கும் புருஷோத்தமன் இன்று, "மேடம், இருந்தா குடுக்க மாட்டனா? நான் என்ன வீட்டுக்கா எடுத்துட்டுப் போறேன்" என்றார். அவர் வீட்டிலும் கரண்ட் இல்லையாம். அவரைத் திட்டவும் முடியவில்லை.

மற்ற ஆலைகளுக்குக் கரண்ட் நின்றால் வேலை நிற்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. எண்பது இரும்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பாட் என்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் அலுமினியம் நெருப்புக் குழம்பாகக் கிடக்கிறது. அந்தச் சூட்டைக் கொடுப்பது விறகில்லை, கரி இல்லை, கரண்ட். நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் இல்லாவிட்டால் குழம்பு உறைந்து கல்லாகிவிடும். அப்புறம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இதை வாரியத்தில் யாரிடம் சொன்னாலும், "எல்லாருக்கும் கஷ்டந்தாம்மா" என்கிறார்கள்.

ஆகஸ்ட் 22, புதன்

கேட்டது எண்பது மெகாவாட். கிடைத்தது ஐம்பத்திரண்டு. பாட் ரூம் ஃபோர்மேன் மாதேஸ்வரனுக்குப் போன் போட்டேன்.

"ஆணி நிக்குதா மாதேஸ்வரா?"

"நிக்குதுங்க மேடம். சித்தெ சாயுதுங்க."

வெளியாளுக்கு இது விளங்காது. பாட் ரூமில் ஓடுகிற கரண்ட்டுக்குக் காந்தம் அதிகம். கைக்கடிகாரம் நின்றுவிடும், சாவிக்கொத்து பையிலிருந்து தானாக எழும்பும். அதனால் நடைபாதைச் சுவரின் மேல் வரிசையாக இரும்பு ஆணிகளை நட்டுக்குத்தலாக நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒட்டவில்லை, அடிக்கவில்லை, காந்தத்தில் சும்மா நிற்கும். மீட்டரை யார் பார்க்கிறார்கள்? ஆணி நின்றால் பாட் உயிரோடு இருக்கிறது. எங்கள் ஆலையில் யாரும் குட்மார்னிங் சொல்வதில்லை. ஆணி நிக்குதுங்களா என்பதுதான் வணக்கம்.

கல்யாணமான புதிதில் ஆயுத பூஜைக்கு இவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். உள்ளங்கையில் ஓர் ஆணியை நிறுத்திக்கொண்டு அரை மணி நேரம் வாயைப் பிளந்து நின்றார். அந்த மனுஷர்தான் இப்போது என் ஆலையின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. மற்ற நாளெல்லாம் எந்நேரமும் போன் வரும் என்று கம்பெனி குவார்ட்டர்ஸில் தங்கவேண்டியிருக்கிறது. அங்கே கரண்ட் நிற்காது. மகளும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள், நீங்களும் வந்து ஃபேனுக்கடியில் தூங்குங்கள் என்று போன மாதமே இவரைக் கூப்பிட்டேன். "உன்ற கரண்ட்டு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு எட்டு கிலோமீட்டர் தள்ளி, விசைத்தறி ஊரில். வீட்டை ஒட்டியே செட், எட்டுத் தறி. இவர் பெயர் செங்கோட்டுவேல். பெயரில் மட்டுமில்லை வேல், பேச்சிலும் குத்து உண்டு. மாமியார் காலத்தில் கைத்தறியாக இருந்ததை இவர்தான் கடன் வாங்கி விசைத்தறி ஆக்கினார். ஆக்கிய நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

போனவுடன் சமைத்தேன். மிக்ஸி ஓடாது, சட்னியை அம்மியில் அரைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இவர் ஆரம்பித்தார்.

"ஒரு டன்னு அலுமினியத்துக்கு எத்தனை யூனிட்டு?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

"பதினஞ்சாயிரம் ஆகும்."

தட்டில் விரலால் கணக்குப் போட்டார். போட்டு முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டுத் தறியும் முக்கால் வருஷம் ஓடுகிற கரண்ட். அந்த ஒரு டன்னை நாங்கள் அரை மணிக்குள் செய்துவிடுவோம்.

"ஊரையே இருட்டுல போட்டுட்டு, யானையக் கட்டித் தீனி போடறாங்க" என்றார்.

"யானை முதல்ல வந்துச்சுங்க. உங்க தறியெல்லாம் அப்பறந்தான் வந்துச்சு."

"யானைக்கும் எங்களுக்கும் ஒரே தொட்டியாப் போச்சே, அதச் சொல்லு."

நான் சொன்னதில் தப்பில்லை. பாக்சைட் மலையில் கிடக்கிறது, வாங்குகிறவன் பம்பாயில் இருக்கிறான். இந்தப் பொட்டல் காட்டில் ஏன் ஆலை வைத்தார்கள்? அணைக்கட்டு பக்கத்தில் என்பதற்காக. தண்ணீர் விழுகிற இடத்தில் கரண்ட் கொட்டிக் கிடந்தது, எடுக்க ஆளில்லை. இப்போது தண்ணீர் இல்லை, எடுக்க மட்டும் ஊரெல்லாம் ஆள். இதை அவரிடம் விளக்கப் போய்க் குரல் உயர்ந்துவிட்டது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

செப்டம்பர் 1, சனி

வடக்கிலிருந்து இரண்டு பேர் வந்து டேப் வைத்துப் பாட்டையெல்லாம் அளந்துகொண்டிருந்தார்கள். நீளம், அகலம், அடித்தகட்டின் கனம். பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள் என்று ஜி.எம். ராகவேந்திரன் சொன்னார். நல்ல நேரம் பார்த்தார்கள் பெயிண்ட் அடிக்க.

ஜி.எம். நல்ல மனிதர்தான், ஆனால் இப்போதெல்லாம் பேச்சு எடுத்தால் ஒடிசா. அங்கே நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலேயே மின் நிலையமாம், அதன் வாயிலேயே அலுமினிய ஆலையாம். "அலுமினியத்துக்குச் சொந்த ஊர் கெடையாதும்மா. கரண்ட் எங்க மலிவோ அதுதான் ஊரு" என்றார். தண்ணீர் வந்துவிட்டால் நம்மை அசைக்க ஆளில்லை சார் என்றேன். சிரித்தார். டீ சொன்னார்.

ஐப்பசி மழை பிறக்கிற வரைக்கும் பாட்டை உயிரோடு வைத்திருந்தால் போதும். அறுநூறு குடும்பம் இருக்கிறது. என் பொழைப்பும் இருக்கிறது. அது வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 4, செவ்வாய்

நாற்பத்தெட்டு. புருஷோத்தமனிடம் கத்திவிட்டேன். மாத்திரை போடவும் மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 7, வெள்ளி

இப்போதுதான் குவார்ட்டர்ஸுக்கு வந்து விழுந்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை பத்தரைக்குப் போன். நான் எடுப்பதற்குள் மாதேஸ்வரன் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டான்.

"ஆணி விழுந்துருச்சுங்க மேடம். எல்லா ஆணியும்."

பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. உள்ளே ஓடினேன். எப்போதும் காதில் உறுமுகிற அந்தச் சத்தம் இல்லை. ஆட்கள் கரண்டியையும் கம்பியையும் பிடித்தபடி என்னையே பார்க்கிறார்கள், நான் என்னமோ கரண்ட்டை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற மாதிரி.

வாரியத்தின் துணை மின்நிலையத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர். ஒன்று புகைந்துவிட்டது. மிச்சமிருக்கிற ஒன்று எங்களையும் ஊரையும் சேர்த்துச் சுமக்காது. மூன்று மணி நேரம் போனில் தொங்கினேன். மேலே பேசு என்றார் புருஷோத்தமன். மேலே பேசினால் கீழே கேள் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி எந்தக் கோயிலில் இருக்கிறது என்றே தெரியவில்லை. பாட்டின் மேல் ஓரத்தில் கருப்பாகத் தோல் கட்ட ஆரம்பித்துவிட்டது என்று மாதேஸ்வரன் சொன்னான்.

கடைசியில் புருஷோத்தமன் உடைந்த குரலில் சொன்னார்: "மேடம், மேல இருந்து ஓகே சொல்லிட்டாங்க. ஆனா ஊருக்குப் போற ஒரு ஃபீடர் லைனைக் கழட்டினாத்தான் உங்களுக்கு ஏத்த முடியும். மூணு இருக்கு. ஆஸ்பத்திரி ஃபீடர், குடிதண்ணி ஃபீடர், தறி ஃபீடர். நீங்களே சொல்லுங்க, நான் எதைக் கழட்டட்டும்? நாளைக்கு ஊர்க்காரன் என் சட்டையப் பிடிச்சா நான் மட்டும் பதில் சொல்ல முடியாது."

அவர் சொல்ல வேண்டியதை என்னிடம் கேட்டார். யோசிக்கவே இல்லை நான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை தறி ஓட்ட மாட்டார்கள், வார விடுமுறை. செட்டைக் கழுவிச் சாம்பிராணி போட்டுப் பூட்டிவிடுவார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. சொல்லிவிட்டேன்.

உடனே ஏற்றினார்கள். ஏற்றியதும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது என்று எங்களை இறக்கி ஊருக்குக் கொடுத்தார்கள், மறுபடி ஊரை இறக்கி எங்களுக்குக் கொடுத்தார்கள். இப்படி நாலைந்து தடவை. இரண்டு மணி வாக்கில்தான் நிலைத்தது. சுவரில் கிடந்த ஆணிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மாதேஸ்வரன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எண்பது பாட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை.

செப்டம்பர் 8, சனி

ஆலையில் லட்டு கொடுத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குப் போன், "வெரி குட் சுலோச்சனா மேடம்." பிரஷர் நூற்று முப்பது. நாளை வீட்டுக்கு நாலு லட்டு எடுத்துவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

செட் திறந்திருந்தது. தறி எதுவும் ஓடவில்லை. இவர் மூன்றாவது தறிக்குள் குனிந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"நாடா நடுவுல நின்னு பாவ அறுத்துப் போட்டுருச்சு. அஞ்சு தறியில. மத்த மூணுலயும் துணி பூரா கோடு."

கரண்ட் போகிற நேரம் தெரிந்தால் இவர் முன்கூட்டியே தறியைக் கையால் நிறுத்துவார். குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவை ஓரத்தில் ஒதுக்கி, நெடுக்கே இருக்கிற பாவு நூலைத் தளர்த்திவிடுவார். அப்படிச் செய்தால் துணியில் தழும்பு விழாது. சொல்லாமல் போனால் நாடா பாதி வழியில் பாவுக்குள் மாட்டிக்கொள்ளும்.

"எப்ப?"

"முந்தாநேத்து. போறதும் வர்றதுமா அஞ்சு வாட்டி. வந்துருச்சுன்னு ஓட்டறது, ஓட்டுனா போயிர்றது."

"வெள்ளிக்கெழம தறிக்கு லீவாச்சே."

"லீவு பாக்கற பொழப்பா இது? மத்த நாளெல்லாம் பகல்ல கரண்ட் இருக்கறதில்ல. ஊரே லீவுங்கறதால வெள்ளிக்கெழமதான் கொஞ்சம் நின்னு வருது. ஒரு மாசமா அன்னைக்குத்தான் ஓட்டறோம், நம்ம தெருவுல எல்லாருமே. உனக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், நாங்கள் பேசினால்தானே.

ஈரோட்டு வியாபாரிக்குப் போகவேண்டிய பெட்ஷீட். பதினைந்தாம் தேதிக்குள் கொடுத்தால் தீபாவளி வரைக்கும் ஆர்டர் என்று சொல்லியிருந்தாராம். "வாரியத்துக்காரனுக்கு அன்னைக்குன்னு என்ன கேடு வந்துச்சோ" என்றார் இவர், இழையைப் பல்லால் கடித்துக்கொண்டே.

வெயில் அதிகம். எனக்குத் தலை சுற்றியது, அதனால் சாப்பிடவில்லை. லட்டுப் பொட்டலம் பையிலேயே இருந்துவிட்டது. வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய்க்குப் போட்டேன்.

செப்டம்பர் 18, செவ்வாய்

வியாபாரி துணியைத் திருப்பிவிட்டாராம். மகள்தான் போனில் சொன்னாள். "அப்பா உங்கிட்ட சொல்லலியாம்மா?" என்றாள்.

டிரான்ஸ்ஃபார்மரைக் காலாகாலத்தில் பராமரிக்காதது யார்? வாரியம். அணையில் தண்ணீர் இல்லாததற்கு யார் என்ன செய்வது? வேறு எதைச் சொல்லியிருக்க முடியும், ஆஸ்பத்திரியையா? குடிதண்ணீரையா? இதை எந்த நீதிபதியிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நான் எதற்கு இதை எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. கேட்டது ஐம்பது, கிடைத்தது நாற்பத்தொன்பது.

செப்டம்பர் 23, ஞாயிறு

வீட்டுக்குப் போகவில்லை. வேலை இருந்தது.

அக்டோபர் 3, புதன்

ஜி.எம். எல்லாரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டாம் தேதி மூடுகிறார்கள். ஒடிசாவில் ஒன்றரை வருஷமாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறதாம். ஒன்றரை வருஷம். நான் அந்த ஒன்றரை வருஷமும் தினமும் காலையில் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்கே போனேன்.

"சார், அப்பறம் எதுக்கு சார் அன்னைக்கு அந்தப் பாடு பட்டோம்? விட்டுத் தொலைச்சிருக்கலாமே."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. நீங்க அன்னைக்குக் காப்பாத்தலைன்னா எண்பது பாட்டும் உள்ள கல்லு கட்டிப் போயிருக்கும். இப்ப குழம்ப வடிச்சுட்டு, தொட்டியச் சேதமில்லாம லாரியில ஏத்திரலாம். அளந்து பாத்துட்டாங்க, அங்க அப்படியே பொருந்துதாம். கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா? உங்க பேரத்தான் முதல்ல எழுதியிருக்கேன், ஒடிசாவுக்கு."

பெயிண்ட் அடிக்க அளந்தார்களாம், பெயிண்ட். என்னை மாதிரி மடச்சி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அவர் மேஜையில் இருந்த தண்ணீர்க் கிளாஸைத் தட்டிவிட்டேன். கை பட்டுவிட்டது என்றுதான் சொன்னேன். கை படவில்லை, தட்டித்தான் விட்டேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

போனபோது வாசலில் டெம்போ நின்றது. எட்டாவது தறியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முழுதாக இல்லை. சம்மட்டியால் உடைத்து, சக்கரம் தனியாக, சட்டம் தனியாக. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். தெருவில் இது நாலாவது வீடு.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

டெம்போக்காரருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். ஆலை மூடப்போவதையும் அப்போது சொல்லவில்லை. எப்படியும் கேள்விப்படுவார்.

அக்டோபர் 12, வெள்ளி

மூடிவிட்டார்கள்.

கரண்ட்டை ஜி.எம். நிறுத்துவார் என்று நினைத்திருந்தோம். அவர் மாதேஸ்வரனை நிறுத்தச் சொன்னார். அவன் முடியாது என்றான். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷம் கரண்ட் கேட்டவளே நிறுத்தட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. கைப்பிடியைப் பிடித்து இறக்கினேன். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.

சுவரில் ஆணிகள் விழுந்த சத்தம் கேட்டது. மாதேஸ்வரன் குனிந்து பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எனக்கு ஒன்று கொடுத்தான். வாசலுக்கு வந்த பிறகும் பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தேன்.

சாயங்காலம் புருஷோத்தமன் தானாகவே போன் போட்டார். "மேடம், இன்னைக்குக் காலையில நீங்க கூப்பிடலியா, என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "உங்க லோடு கொறைஞ்சதுல இந்தப் பக்கத்துக்கு இனிமே பகல்ல கட் இருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றார். நல்லதுங்க என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒடிசாவுக்கு மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். மிக்ஸியில் சட்னி அரைத்தேன்.

இவர் கேபிள் டிவி ஆபீஸில் வசூலுக்குப் போகிறார். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறார். வந்ததும் செட்டுக்குள் போய்ச் சும்மா நிற்கிறார்.

அக்டோபர் 23, செவ்வாய், ஆயுத பூஜை

காலையிலேயே எழுந்து செட்டைக் கழுவினார். தறி நின்ற இடத்தில் எல்லாம் சிமெண்ட்டில் நான்கு நான்கு ஓட்டை. அதற்குள் தண்ணீர் தேங்கியது. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கி வந்திருந்தார். அக்கம்பக்கத்தில் எந்தச் செட்டிலும் சத்தமில்லை.

சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். பொட்டு வைக்க ஒன்றும் இல்லை. கடைசியில் சுவரில் இருந்த மீட்டர் பெட்டிக்குப் போய், மெயின் ஸ்விட்சில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் இட்டார். நானும் போய் அந்த ஆணியைப் பெட்டிக்கு மேலே வைத்தேன். படுக்க வைத்துத்தான் வைக்க முடிந்தது.

சூடம் காட்டி முடித்து இரண்டு பேரும் கீழேயே உட்கார்ந்தோம். தலைக்கு மேல் எட்டுத் தறிக்கான எட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. பொரியை அள்ளி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வெள்ளிக்கெழம லீவுன்னுதானே நெனச்ச?"

எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. ஆமாங்க என்றேன். அவர் தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், இந்த மனுஷர் திட்டவே இல்லை.

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீயும் வேற மாதிரி சொல்லியிருப்ப" என்றார். அப்புறம் எழுந்து பூசணிக்காயை உடைக்க வெளியே போனார்.

இன்று நாள் முழுக்கக் கரண்ட் போகவில்லை.